கொடை கேட்கும் பேய்கள்

ஹாலோவீன் வரும் அக்டோபர் 31 நெருங்கினாலே 'திகில் சுற்றுலா' பட்டியல்கள் கைப்பேசியில் குவிகின்றன. ராஜஸ்தானில் பான்கர் கோட்டை, நம்மூரில் தனுஷ்கோடி என்று அதே வரிசை. கூடங்குளத்துப் பக்கத்து ஊர்கள் அதில் இல்லை. பேய்க்கதைக்குப் பஞ்சமில்லாத சீமைதான் இது. ஆனால், இங்கே பேய்க்கு ஊரும் பேரும் உண்டு, செத்த கதை உண்டு, கொடை என்ற கோயில் விழாவும் உண்டு.

வெள்ளைக்காரப் பேயும் இதற்கு விலக்கல்ல. 1809-இல் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பியின் கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலப் படை ஆரல்வாய்மொழி அரண்களைத் தாக்கியது. அதில் காயம்பட்டுச் செத்த போல் என்ற கேப்டனைத் திருநெல்வேலிச் சீமையில் புதைத்தார்கள். அகாலத்தில் போன உயிர் பசியோடு அலையும் என்று நம்பிய மக்கள், அவருக்குப் பிடித்திருக்கும் என்று சாராயமும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டார்கள். கூடங்குளத்துக்கு வடகிழக்கே இடையன்குடியில் அரை நூற்றாண்டு வாழ்ந்த பாதிரியார் கால்டுவெல் இதை எழுதி வைத்திருக்கிறார். சண்டைக்கு வந்தவன்தான், ஆனாலும் பசியோடு விட மனம் வரவில்லை.

மேற்கே முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே இசக்கியம்மன் இருக்கிறாள். தன்னைக் கொன்றவனைத் தேடிவந்து, கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்ட நீலியின் கதை அவளுடையது. இன்று அவளிடம் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள்.

பாபநாசத்துக்கு மேலே, காட்டுக்குள் தாமிரபரணிக் கரையில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலை எந்தத் திகில் பட்டியலிலும் அடைக்க முடியாது. அங்கே பட்டவராயன் சன்னதியில் காணிக்கையாகத் தொங்குவது தோல் செருப்பு. பட்டவராயனாகக் கும்பிடப்படும் முத்துப்பட்டன் பிராமணன், சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்காவை மணக்கக் குடுமியை அறுத்து, பூணூலை எறிந்து, செருப்புத் தைத்தான். மாமனாரின் மாடுகளைக் காக்கப் போன இடத்தில் கள்வர் கையால் செத்தான். பெண்கள் இருவரும் அவன் சிதையில் ஏறினார்கள். நேர்ந்துகொண்டு கட்டிய செருப்பு அடுத்த வருஷம் தேய்ந்து கிடக்கும், பட்டவராயன் போட்டு நடந்திருக்கிறான் என்கிறார்கள் பக்தர்கள். சாதி கொன்றவர்களைப் பற்றிய செய்தி இன்றும் வந்துகொண்டிருக்கும் திருநெல்வேலி மாவட்டத்தில் இந்தக் கதையைக் கோயில் விழா நடக்கும் ஆடி அமாவாசைக்கு மட்டுமா பாட வேண்டும்?

சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்து உண்டு. தீ மூட்டி மகுடம் என்ற தோல் பறையைக் காய்ச்சுவார்கள். தோல் இறுகியதும் உச்சமும் மந்தமும் மாறிமாறி அதிர, கதை பாடும் அண்ணாவி கதையை எடுப்பார். பெண் வேடமிட்ட இருவர் ஆடுவார்கள். சாமத்தில் கணியான் கையைக் கீறி இரத்தம் கொடுப்பார். சாமியாடும் கோமரத்தாடி சுடுகாட்டுக்கு வேட்டைக்குக் கிளம்புவார். பயம் இல்லையா? இருக்கிறது. ஆனால் விடிய விடியக் கதை கேட்ட பிறகு வரும் பயம் அது. செத்தவன் யார், அவனுக்கு யார் என்ன செய்தார்கள் என்பது தெரிந்து வரும் பயம்.

அந்தக் கதைதான் இப்போது சுருங்குகிறது. பல கொடைகளில் வில்லுப்பாட்டுக்கும் மகுடத்துக்கும் சில மணி நேரம்தான். மீதி நேரம் மெல்லிசைக் கச்சேரிக்கு. பாடத் தெரிந்தவர்களுக்கு வயதாகிறது. இதற்கிடையே நள்ளிரவில் கேமராவோடு வருகிறவர்களுக்குப் பாழடைந்த சுவரும் அலறல் சத்தமும் போதும். தனுஷ்கோடியில் நடந்தது அதுதான். 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோன இடம், வீடியோக்களில் பேர் தெரியாத ஆவிகளின் ஊராகிவிட்டது.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்பார் பகுத்தறிவாளர். பயணிகள் வந்தால் நாலு கடை பிழைக்கும் என்பார் வியாபாரி. இருக்கட்டும்.

ஹாலோவீன் என்பதே புனிதர் அனைவர் திருநாளுக்கு முந்திய இரவுதான். அதன் தொடர்ச்சியாக நவம்பர் 2-ஆம் தேதி இடிந்தகரை, உவரி போன்ற கடற்கரை ஊர்களில் கல்லறைத் திருநாள். கல்லறையைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, குடும்பத்தோடு ஜெபம் சொல்கிறார்கள். திகில் தேடி வருகிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

கதை தேடுகிறவர்கள் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வரலாம். கோடைக்காலத்தில் ஏதாவது சுடலை கோயில் கொடையில் ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு உட்காரலாம். ஒலிப்பதிவுக் கருவி கொண்டுவருகிறவர்கள் அண்ணாவியிடம் ஒன்று சொல்ல வேண்டும்: சுருக்காமல், பிறப்பிலிருந்து முழுக்கதையையும் பாடுங்கள் என்று. அந்தக் கூடுதல் நேரத்துக்கான சம்பளத்தையும் கொடுக்க வேண்டும்.