போகாத ஊருக்குத் திரும்பியவர்கள்

ஜாவாவில் பிறந்து, மலாய் பேசி வளர்ந்த சீனப் பிள்ளைக்குச் சொந்த நாடு எது? தகப்பன் சீனனானால் எங்கே பிறந்தாலும் பிள்ளை சீனப் பிரஜையே என்று 1909-ல் மஞ்சு அரசு சட்டம் செய்தது. மறு வருஷமே டச்சுக்காரர்கள், "இங்கே பிறந்தவன் எங்கள் குடி" என்றார்கள். பாவம், ஒரு பிள்ளைக்கு இரண்டு சொந்தக்காரர்கள்! ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று 1955-ல் பாண்டுங்கில் சௌ என்-லாய் ஒப்பந்தம் செய்தார்.

1959-ல் கிராமங்களில் அந்நியர் சில்லறைக் கடை வைக்கக் கூடாதென்று இந்தோனேஷிய அரசு உத்தரவிட்டது. அடுத்த வருஷம் சுமார் ஒரு லட்சம் பேர் சீனாவுக்குக் கப்பலேறினார்கள். ஹைனான் தீவின் சிங்லாங் பண்ணையில் சிலர் காப்பி பயிரிட்டார்கள். சீனாவில் அவர்களுக்குக் கிடைத்த பெயர், 'திரும்பி வந்த அயல்நாட்டுச் சீனர்'. பிள்ளைகளில் பலர் அந்த மண்ணைக் கண்ணால் கண்டதே அப்போதுதான்!

1970-களில் பலர் ஹாங்காங் போய்விட்டார்கள். சிங்லாங்கில் இன்றும் இந்தோனேஷியப் பலகாரம் கிடைக்கிறது.