கண்ணால் கண்டதும் காணாததும்

இலங்கையில் 1979 ஏப்ரலில் ஐ.டீ.என். ஒளிபரப்பைத் தொடங்கியது. ஜப்பானின் உதவியோடு அமைந்த ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் வரை இவை இரண்டுந்தான். எண்பதுகளில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் உலகத்தைக் கண்டது இந்த இரண்டு அரச ஜன்னல்களூடாகத்தான். புத்தளம், மன்னார்ப் பக்கத்துச் சனம் உயரமான அன்டனா கட்டித் தூரதர்ஷனையும் பிடித்தது. மொழி விளங்காத மூத்தம்மாமாரும் 'ஒஷினு'க்காக அழுதார்கள்.

அதற்கு முந்திய தலைமுறைக்குச் செய்தி என்பது காதால் கேட்பது. பி.பி.சி. தமிழோசையைக் கேட்டுவிட்டு, பள்ளிவாசல் முற்றத்தில் "அவன் அப்படித்தான் சொல்லுவான்" என்று வாப்பாமார் விவாதிப்பார்கள். சொல்பவன் யார் என்ற கேள்வி அங்கே இருந்தது. டீவி வந்ததும் அது தேய்ந்துபோனது. "கண்ணால கண்டத்த எப்படிப் பொய்யெண்டு சொல்ற?" என்பதே எங்கள் பேச்சு.

வளைகுடா யுத்தம் இதற்கு நல்ல உதாரணம். 1991 ஜனவரி 17இல் பக்தாத் மீது குண்டுவீச்சு தொடங்கியபோது சி.என்.என். அங்கிருந்தே நேரடியாக வர்ணித்தது. குறி தவறாமல் கட்டடத்தினுள் நுழையும் குண்டுகளை உலகமே பார்த்தது. ஆனால், அந்த யுத்தத்தில் போடப்பட்ட குண்டுகளில் இப்படி வழிநடத்தப்பட்டவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவை விழுந்த இடங்கள் பெரும்பாலும் திரைக்கு வரவில்லை. போர்முனைக்குச் செய்தியாளர்கள் இராணுவம் அமைத்த குழுக்களோடுதான் போக முடிந்தது. அவர்கள் எழுதியதையும் இராணுவம் பார்த்த பிறகே வெளியே விட்டது. பெப்ரவரி 13இல் அமீரிய்யா பதுங்குமிடத்தில் 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்த பிறகுதான் பலருக்கு அந்த யுத்தத்தின் மறுபக்கம் தெரிந்தது. காட்டியது பொய்யல்ல. காட்டாமல் விட்டதில்தான் விசயம் இருந்தது.

இதே அளவுகோலை எங்கள் மீதும் வைத்துப் பார்க்கலாம். ஈராக் குவைத்துக்குள் புகுந்தது 1990 ஆகஸ்ட் 2. மறுநாள், ஆகஸ்ட் 3, காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் இரண்டு பள்ளிவாசல்களில் சுடப்பட்டார்கள். 100க்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். ஒரு வாரம் கழித்து ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். இவை எதற்கும் நேரடி ஒளிபரப்பு இருக்கவில்லை. விளைவு என்ன? எங்கள் தலைமுறையில் பலருக்கு ஸ்கட் ஏவுகணையின் பெயர் தெரியும். பக்கத்து ஊரின் ஜனாஸாக்களின் கணக்குத் தெரியாது. டீவி எங்களுக்குப் படிப்பித்த பெரிய பாடம், எது செய்தி, எது செய்தியில்லை என்ற தரம்பிரிப்புத்தான். அதை யாரும் சொல்லித் தரவில்லை, தானாகவே ஊறிவிட்டது.

நன்மையும் இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போக வசதியில்லாத ஏழை உம்மாமார் அரஃபா மைதானத்தைத் திரையில் கண்டு துஆக் கேட்டார்கள். 1996 மார்ச் 17இல் லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது மூவினத்தவரும் ஒரே பெட்டிக்கு முன்னால் கூடியிருந்தார்கள். இதையும் மறுக்கேலாது.

ஆனால் கமரா வராத இடங்களின் வரலாறு மனிதர் நினைவில் மட்டும் நிற்கிறது. அந்த 1990ஐப் பெரியவர்களாகக் கண்டவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். இப்போது எங்கள் பிள்ளைகளின் கையிலேயே கமரா இருக்கிறது. ஊருக்கு நாலு பேராவது அந்த மூத்தவர்கள் முன்னால் இருந்து, அவர்கள் சொல்வதைத் திகதியோடும் பெயரோடும் பதிந்து வைக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட நேரமில்லை.