சிறு கீறலும் கடற்காற்றும்

மோட்டார் வண்டிகள் ஓடும்போது நேரும் பெரிய விபத்துக்களைப் பற்றி எல்லோரும் பேசுவர். நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு நேரும் சிறு விபத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. சந்தைக்கு முன்னால் நிறுத்திய காரின் மீது பக்கத்து வண்டியின் கதவு வந்து இடிக்கிறது. பின்னோக்கிச் செலுத்தும்போது ஒழுங்கையின் மதிற்கல் உராய்கிறது. பனைமர நிழலை நம்பி நிறுத்திய வண்டியின் கூரையில் பனம்பழம் விழுகிறது. ஆகஸ்ட் 15ஆம் திகதி மடுத் திருவிழாவுக்கும், மாசி மாதத்துச் சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரத்துக்கும் திரளும் வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்போது, கீறல் படாமல் வீடு திரும்புவதே அதிர்ஷ்டம் எனலாம்.

இத்தகைய காயம் கண்டி போன்ற மலைநாட்டு நகரில் ஏற்பட்டால் அது பெரும்பாலும் அழகைப் பற்றிய கவலையாகும். மன்னாரில் ஏற்பட்டாலோ அது வண்டியின் ஆயுளைப் பற்றிய கவலையாகி விடுகிறது. வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கும், பேசாலைக் கரையிலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் சிறு லொறிக்காரருக்கும் இவ்வேறுபாடு பணப்பையைத் தொடும் விஷயம். ஆகவே அதன் காரணத்தை அறிந்துகொள்வது நன்று.

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதி ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளமுடையது. 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய பாலத்தைக் கொண்ட இவ்வழியின் இரு புறமும் ஆழமற்ற கடல்நீரே. சோளகக் காற்று வீசும் மாதங்களில் நீர்த்திவலைகள் காற்றோடு பறந்து வருகின்றன. அக்காற்றின் வலிமையைக் கூறவும் வேண்டுமோ? தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நிறுவி, ‘தம்பபவனி’ என்ற பெயரில் 2020ஆம் ஆண்டு முதல் அதிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். காற்றாலையைச் சுழற்றும் அதே காற்று உப்பையும் சுமந்து வந்து, நிறுத்தி வைத்த வண்டிகளின் மீது கண்ணுக்குத் தெரியாத படலமாகப் பூசிச் செல்கிறது.

இரும்பு துருப்பிடிப்பதற்கு நீரும் பிராணவாயுவும் வேண்டும் என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. உப்பு அவ்விரண்டுக்கும் துணைவனாக வந்து சேர்கிறது. உப்புக் கரைந்த நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துமாதலால், துருப்பிடித்தலாகிய மின்னிரசாயனச் செயல் விரைவு பெறுகிறது. மேலும், காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மழையே பெய்யாத நாளிலும் கீறல் நனைந்தே கிடப்பதற்கு இதுவே காரணம்.

வண்டியின் உடலைக் காப்பது எது? இக்காலத்துக் கார்களின் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுடையது. பல வண்டிகளில் தகட்டின் மேல் துத்தநாகப் பூச்சு உண்டு. அதன் மேல் துருத்தடுப்பு அடிப்பூச்சு, அதன் மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேல் நிறமற்ற பளபளப்புப் பூச்சு. இந்த வர்ணப் படைகள் அனைத்தும் சேர்ந்தாலும் ஏறத்தாழ இரண்டு தலைமயிர்களை அடுக்கிய கனமே இருக்கும். வட பகுதியில் இன்னும் ஓடித்திரியும் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களின் தகடு சற்றுத் தடித்தது. ஆனால் அதற்குத் துத்தநாகக் கவசம் இல்லை.

ஆகவே, காயத்தின் அளவைக் கொண்டு அதன் தீவிரத்தை மதிப்பிடலாகாது. வர்ணம் உடைந்ததா, உடையவில்லையா என்பதே முதற் கேள்வி. உள்ளங்கையளவு பள்ளம் விழுந்தும் வர்ணம் உடையாமல் இருந்தால் அவசரம் இல்லை. விரல் நீளக் கீறல் ஒன்று தகட்டைக் காட்டி நின்றால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. இதனை அறிய எளிய வழி உண்டு. கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக இழுத்துப் பார்த்தால், நகம் தடைப்படாத கீறல் பெரும்பாலும் மேற்பூச்சோடு நிற்பது. மெருகுப் பசையினால் தேய்த்தாலே மறையக்கூடும். நகம் சிக்கினால் காயம் ஆழமானது. உள்ளே சாம்பல் நிறமோ உலோகத்தின் பளபளப்போ தெரிந்தால் காவல் குலைந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். முன்னும் பின்னும் உள்ள பம்பர்கள் இப்போது பெரும்பாலும் பிளாஸ்ரிக்கினால் ஆனவை. அவை துருப்பிடிக்க மாட்டா. ஆகையால் அவற்றின் கீறல் காத்திருக்கலாம். சிறு பள்ளமாயின், கொதிநீர் ஊற்றி இளக்கி உட்புறத்திலிருந்து தள்ளினால் பல சமயங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

காவல் குலைந்த இடத்துக்கு அன்றே செய்ய வேண்டிய முதலுதவி மூன்று: நன்னீரால் கழுவுதல், நன்றாக உலர்த்துதல், மூடுதல். இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். கரையோரக் கிணறுகள் பலவற்றின் நீர் உவர் கலந்தது. அந்நீரால் கழுவி வெயிலில் காயவிட்டால் நீர் மறைந்து உப்பே எஞ்சும். குடிநீர் ஒரு போத்தல் செலவானாலும் காயத்தை அதனாற் கழுவுவதே முறை. உலர்ந்த பின் நிறமற்ற நகப்பூச்சோ மெழுகோ தடவி வைத்தால், திருத்தகத்துக்குச் செல்லும் வரை காற்று அண்டாது.

திருத்தகத்தில் நடைபெறும் வேலையிலும் உரிமையாளர் கவனிக்க வேண்டியவை உள. வர்ணம் உடையாத பள்ளத்தை, தேர்ந்த தொழிலாளி பின்புறமாக நீண்ட கம்பியைச் செலுத்தி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாக அழுத்தி நிமிர்த்தி விடுவார். அங்கு வர்ணமே தேவைப்படாது. வர்ணம் உடைந்த பள்ளமாயின், பின்புறம் கனத்த இரும்பைத் தாங்கலாகப் பிடித்துச் சுத்தியலால் தட்டி, தகட்டை இயன்றவரை பழைய வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். எஞ்சிய சிறு மேடுபள்ளத்தை நிரப்புவதற்கே பட்டி உரியது. தட்டும் உழைப்பை மிச்சப்படுத்திப் பட்டியை 3 மில்லிமீட்டருக்கு மேல் அப்பினால் நாளடைவில் அது வெடிக்கும். துருவின் மேல் பட்டி பூசுவதோ புண்ணை மூடி வைத்துக் கட்டுவதற்கு ஒப்பாகும். துரு, அது தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேற்பட்ட இடத்தைப் பிடிப்பதால், உள்ளிருந்தே பட்டியைப் பெயர்த்து எறியும். அன்றியும், பட்டி ஈரத்தை உறிஞ்சுவது. அதனைத் தேய்த்துவிட்டு அடிப்பூச்சுப் பூசாமல் இரவு முழுவதும் கடற்காற்றில் விடலாகாது.

வர்ணம் தெளிக்கும் நாளே யாவற்றிலும் முக்கியமானது. தேய்த்த தகட்டின் மேல் உப்புத் துகள் படிந்திருக்க அதன் மீது வர்ணம் பூசினால், உள்ளே அகப்பட்ட உப்பு வர்ணத்தை ஊடுருவி ஈரத்தை இழுக்கும். சில மாதங்களில் கொப்புளங்கள் எழும். ஆதலால், திறந்த வெளியில் காற்றோடு காற்றாகச் செய்யும் வேலை மலிவாயினும் மன்னாருக்குப் பொருந்தாது. நாற்புறமும் அடைத்த கொட்டகை, நன்னீர்க் கழுவல், முற்றான உலர்ச்சி ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று முன்னரே கேட்டறிவது தகும். வேலை முடிந்தபின், மெல்லிய கடதாசியைச் சுற்றிய சிறு காந்தத்தைத் திருத்திய இடத்தில் வைத்துப் பார்க்கலாம். தகட்டில் மற்ற இடங்களிற் போல் பிடிக்காமல் காந்தம் நழுவினால், உள்ளே பட்டி மிகுந்துள்ளது என்பது வெளிப்படும்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். மூன்றாம் தரப்புக் காப்புறுதி, தன் வண்டியின் காயத்துக்கு உதவாது. முழுமையான காப்புறுதி உடையவரும், சிறு திருத்தத்துக்குப் பணம் கோரினால் அடுத்த ஆண்டின் கட்டணக் கழிவை இழக்க நேருமா என்று கணக்கிட்டுப் பார்த்தல் நலம். பிறர் வண்டியை இடித்தவருக்கும் கடமை உண்டு. விபத்து நேர்ந்தால் நிறுத்தித் தம் பெயரையும் முகவரியையும் தெரிவிக்குமாறு 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சாரதியைப் பணிக்கிறது. உரியவர் அருகில் இல்லையெனில் கண்ணாடியில் ஒரு துண்டுக் கடிதம் செருகி வைப்பது நற்பண்பு. அதனால் கிடைப்பது நட்டஈடு மாத்திரமன்று. காயத்தை உரியவர் அன்றே அறிந்துகொள்கிறார். இடித்தவர் சொல்லாமற் போனால், கதவின் கீழோரத்தில் விழுந்த கீறலை உரியவர் மாதங்கள் கழித்துத் துருவாகவே காண்பார்.

சிறு காயம் என்பதற்காகவே அது பின்போடப்படுகிறது. சம்பளம் வரட்டும், திருவிழா முடியட்டும் என்று நாட்கள் கழிகின்றன. மெருகுப் பசையோடு தீர்ந்திருக்க வேண்டிய செலவு வர்ணமாகி, பின் தகடு வெட்டி ஒட்டும் வேலையாகி, ஈற்றில் கதவையே மாற்றும் செலவாக முடிகிறது. மனிதர் நாள் பார்க்கலாம். கடற்காற்று நாள் பார்ப்பதில்லை. ஒரு போத்தல் நன்னீரும் சிறிதளவு மெழுகும் வண்டியில் எப்போதும் இருக்குமாயின், அக்காற்றோடு போட்டியிடுவதற்குத் தேவையான அவகாசம் கிடைத்துவிடும்.