குரல் எங்கே குறைந்தது?

அம்பாசமுத்திரம் அருகே வசிக்கும் என் பெரியம்மாவுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. காரும் பிசானமும் விளையும் தாமிரபரணிப் பாசன வயல்களில் நாற்று நட்டபடியே அவர் பாடிய பாடல்களை ஒரு ஒலிவாங்கியையும் மடிக்கணினியையும் கொண்டு வீட்டிலேயே பதிவு செய்து வருகிறேன். நடவுக்கு இயந்திரம் வந்த பிறகு, அப்பாடல்களைப் பாடுவதற்கான களமே சுருங்கிவிட்டது.

முதல் பதிவில் அவர் குரல் கணீரென்று ஒலித்தது. இரண்டு மாதங்கள் கழித்துச் செய்த பதிவிலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்திருந்தது. அதைக் கேட்ட பெரியம்மா, "தொண்டை போயிட்டுலே. இனி விட்டிரு" என்று எழுந்துவிட்டார். குறைந்தது அவரது குரலா, கருவியின் செவியா என்பதை நான் கண்டறிந்தாக வேண்டியிருந்தது.

எல்லோரையும்போல நானும் முதலில் ஒலியளவைக் கூட்டினேன். குரலோடு மின்விசிறியின் இரைச்சலும் தெருவின் சந்தடியும் சேர்ந்து உயர்ந்தன. காரணம் எளியது. ஒலிவாங்கி உண்டாக்கும் மின்குறிப்பு பெரும்பாலும் ஒரு வோல்டின் ஆயிரத்தில் சில பங்குதான். அதைப் பெருக்கும் கருவி, குரல் எது, இரைச்சல் எது என்று பிரித்தறியாது. வந்ததை எல்லாம் பெருக்கும். ஆகவே, குரல் எந்த இடத்தில் இழக்கப்படுகிறது என்று அறியாமல் பெருக்கிப் பயனில்லை.

குரல் செல்லும் வழியிலேயே நாமும் தேடிச்செல்ல வேண்டும். முதலில் தூரம். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு சாண் இருந்தது இரண்டு சாணாக மாறினால், நேரடியாக வந்துசேரும் ஒலி 6 டெசிபல் குறையும். அதாவது ஒலியழுத்தம் பாதியாகிவிடும். அறையின் எதிரொலி மட்டும் ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

அடுத்தது இணைப்பு. தளர்ந்த கேபிளும் பொருந்தாத முனையும் ஒலியைக் குன்றச் செய்யும். வேறொரு கேபிளை மாட்டிப் பார்ப்பதே எளிய சோதனை. மின்தேக்கி வகை ஒலிவாங்கிகள் பலவற்றுக்கு 48 வோல்ட் 'ஃபேன்டம் பவர்' வேண்டும். அது இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒலியே பதியாது. சில ஒலிவாங்கிகளின் உடலில், உரத்த இசைக்காக ஒலியை 10 டெசிபல் தணிக்கும் சிறு விசை உண்டு. துடைக்கும்போது கை பட்டு அது நகர்ந்திருக்கலாம்.

பிறகு கணினி. காணொலி அழைப்புச் செயலிகள் சில, உள்ளீட்டு அளவைத் தாமாகவே மாற்றிவிடுவதுண்டு. சில வேளைகளில் நம் ஒலிவாங்கியை விட்டுவிட்டு, மடிக்கணினியில் உள்ளடங்கிய ஒலிவாங்கியிலிருந்தே பதிவு நடந்துகொண்டிருக்கும். ஒலிவாங்கியின் வலைமூடியை நகத்தால் மெல்ல வருடினால் உண்மை தெரிந்துவிடும். அந்தச் சுரண்டல் ஒலி உரக்கப் பதியாவிட்டால், கணினி கேட்டுக்கொண்டிருப்பது வேறொன்றை.

கடைசியாக ஈரம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மின்தேக்கி ஒலிவாங்கியின் மெல்லிய சவ்வுப் பகுதியில் ஈரம் படிந்தால் கரகரப்பு எழும், ஒலியும் குறையும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைத்திருப்பது நல்லது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், குறை நீங்கினாலும் காரணம் விளங்காது.

இப்படித் தேடியதில், பிழை என்னுடையது என்று தெரிந்தது. என் ஒலிவாங்கி, உச்சியில் அல்லாமல் பக்கவாட்டில் ஒலி வாங்கும் வகை. அதன் ஒரு முகமே கேட்கும். முதுகுப்புறத்து ஒலியைப் பெருமளவு ஒதுக்கிவிடும். துடைத்துவிட்டுத் தாங்கியில் பொருத்தியபோது நான் அதைத் திருப்பி வைத்திருந்தேன். பெரியம்மா அதன் முதுகைப் பார்த்துப் பாடியிருக்கிறார். சுவரில் பட்டுத் திரும்பிய குரலே பெரிதும் பதிவாகியிருக்கிறது. முகத்தைத் திருப்பி வைத்து, மீண்டும் பதிந்து, அவரையே கேட்கச் செய்தேன். தொண்டை போய்விடவில்லை என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். அன்று மாலை மேலும் இரண்டு பாடல்களைப் பாடினார்.

1963-இல் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கிய காலத்தில் ஒலிப்பதிவு என்பது நிலையங்களின் வேலை. இன்று அது வீட்டு வேலை. நாட்டார் வழக்காறுகளைத் தொகுக்கும் பணி பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி போன்ற நிறுவனங்களில் நடந்துவந்தாலும், ஒவ்வொரு வீட்டின் பாட்டியையும் அவற்றால் எட்ட முடியாது. அந்தக் குரல்கள் நம் கைப்பொறுப்பில் உள்ளன.

ஆகவே, பெரியவர்களைப் பாட அழைக்கும் முன் நாமே ஒரு நிமிடம் பேசிப் பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பார்ப்போம். பதிவு மெலிந்திருந்தால் முதலில் கருவியையே ஐயுறுவோம். நம் கவனக்குறைவைத் தங்கள் முதுமை என்று எண்ணி அவர்கள் பாடுவதை நிறுத்திவிட்டால், அந்த இழப்பை எந்தக் கருவியாலும் ஈடுசெய்ய முடியாது.