வெளிநாட்டில் ஒரு நோட்டரி கையெழுத்து: எவ்வளவு, ஏன்?

ஊரில் ஒரு மனையை விற்கணும். அதற்கு அம்மா பெயரில் பவர் பத்திரம் எழுதணும். நீங்கள் இருப்பதோ கலிஃபோர்னியாவில். "நோட்டரிக்கு எவ்வளவுப்பா ஆகும்?" என்று நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் சட்டத்தையும் கட்டணப் பட்டியலையும் தேடிப் படித்து எடுத்த குறிப்புகள் இவை. நான் வக்கீல் இல்லை, சாஃப்ட்வேர் ஆள்.

முதலில் நோட்டரி என்ன செய்கிறார்? பத்திரத்தில் இருப்பது உண்மை என்று அவர் சொல்வதில்லை. "இன்னார் என் முன்னால் வந்தார், அடையாள அட்டையைப் பார்த்தேன், கையெழுத்து இவருடையதுதான்." அவ்வளவுதான் அவர் வேலை. இந்தியாவில் இதற்குப் பல ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும். கலிஃபோர்னியாவில் வக்கீலாக இருக்கத் தேவையில்லை, கூரியர் கடையில் இருப்பவரே நோட்டரியாக இருப்பார். கட்டணத்துக்கும் மாநிலச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது: கலிஃபோர்னியாவில் ஒரு கையெழுத்துக்கு 15 டாலர், நியூயார்க்கில் 2 டாலர்.

இதையே தலைகீழாகப் பாருங்கள். சென்னையில் இருக்கும் ஒரு அமெரிக்கர் தன் ஊர்ப் பத்திரத்துக்கு அமெரிக்கத் துணைத் தூதரகம் போனால் ஒரு முத்திரைக்கு 50 டாலர். மூன்று முத்திரை என்றால் 150. மாநில உச்சவரம்பு அங்கே செல்லாது, மத்திய அரசின் கட்டணப் பட்டியல்தான்.

சரி, நம் பத்திரத்துக்கு வருவோம். சான் ஓசே நோட்டரி யாரென்று இங்குள்ள சார்பதிவாளருக்கு எப்படித் தெரியும்? இதற்குத்தான் அப்போஸ்டில். 1961 ஹேக் உடன்படிக்கைப்படி, அந்த நோட்டரியின் கையெழுத்தும் முத்திரையும் அசல்தான் என்று மாநில அரசு தரும் சான்று. இந்தியாவுக்கு இது 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 20 டாலர். ஆக ஒரு கையெழுத்துக்கு மொத்தம் 35. கனடா இதில் சேர்ந்தது 2024 ஜனவரியில்தான். அதற்கு முன் அங்கிருந்தவர்கள் தூதரகம் வரை அலைய வேண்டியிருந்தது. 1908 பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி, நோட்டரிக்குப் பதில் இந்தியத் தூதரக அதிகாரி முன்னாலும் பவர் எழுதலாம். ஆனால் தூதரகம் வேறு ஊரில் இருந்தால் லீவு, பயணச் செலவு எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்கணும்.

பத்திரம் ஊர் வந்து சேர்ந்ததும் வேலை முடிந்துவிடாது. 1899 முத்திரைச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டணும். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அல்ல, கையில் கிடைத்த நாளிலிருந்து. அதனால் கூரியர் உறையைத் தூக்கிப் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள். வந்த தேதிக்குச் சாட்சி அதுதான்.

உண்மையான செலவு இந்த 35 டாலர் இல்லை. சர்வே எண்ணில் ஒரு இலக்கம் தப்பினாலும் எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் அட்வான்ஸ் கொடுத்தவர் காத்திருப்பாரா? நோட்டரியும் அப்போஸ்டிலும் இந்தத் தப்பைப் பிடிக்காது, உள்ளடக்கத்தைச் சரிபார்ப்பது அவர்கள் வேலையே இல்லை. எனவே வரைவை முதலில் ஊருக்கு அனுப்பி, பத்திரம் எழுதுபவரிடம் சரிபார்த்து, பதிவு அலுவலகத்திலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். எந்த மனைக்கு, என்னென்ன அதிகாரம் என்பதை மட்டும் குறிப்பாக எழுதுங்கள். கையெழுத்து அதற்கு அப்புறம்தான்.