கடல் கடந்த ஜூடோ ஆசிரியர்

ஜூடோ என்னும் யப்பானியக் கலையை வகுத்த ஜிகோரோ கானோ போர்வீரரல்லர், பள்ளியாசிரியர். பிற்காலத்தில் தோக்கியோ ஆசிரிய கல்லூரியின் அதிபராகவும் இருந்தவர். பழைய ஜுஜுத்சு முறைகளில் உயிருக்கு ஊறு விளைப்பனவற்றை ஒதுக்கி, உடலையும் ஒழுக்கத்தையும் ஒருங்கே வளர்க்கும் கல்வியாக அதனைத் திருத்தி, 1882 இல் கொடோகன் என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவினார். (ஜுஜுத்சு என்ற பெயர் பாரதத்து யுயுத்சுவை நினைவூட்டினும் இரண்டுக்கும் உறவில்லை.) பணயம் வைத்துப் பொருதுவதை அக்கூடம் விரும்பவில்லை. ஆயினும் அங்கு பயின்ற ஒருவர் அந்நிய தேசங்களிற் பணயப் போட்டிகளாலேயே சீவித்தார். அவர்தாம் மித்சுயோ மயேதா.

வட யப்பானின் அவோமோரிப் பகுதியில் 1878 இற் பிறந்த மயேதா உயரத்தில் ஏறக்குறைய 164 சென்ரிமீற்றரே. 1904 இல் மூத்த ஆசிரியராகிய தொமிதாவுடன் அமெரிக்கா சென்றார். அடுத்த ஆண்டு வெஸ்ற்பொயின்ற் இராணுவக் கல்லூரியிற் செய்முறை காட்டியபொழுது, உதைபந்தாட்ட வீரனான பயிலுனன் ஒருவனை எறிந்து வீழ்த்த முயன்ற தொமிதாவுக்கு அது கைகூடவில்லை. முறையாக வகுக்கப்பட்ட அசைவுகளின் நயத்தை அந்நாட்டார் பொருட்படுத்தவில்லை. வீழ்ந்தவன் யார் என்பதையே நோக்கினர். பின்னர் இருவரும் பிரிந்தனர். மயேதா போட்டி மேடையை நாடினார். தாய்நாட்டுப் பள்ளியின் நெறி ஒருபுறம், பிறநாட்டில் வயிற்றுப்பாடு ஒருபுறம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அவரைக் குறைகூறுதல் எளிது. நான் அதற்கு உடன்படேன்.

மேடை கலையையே சற்று மாற்றியது. ஜூடோவில் முதலில் எதிரியின் சமநிலையைக் குலைத்தல் வேண்டும், பின்னரே எறிதல். எதிரி தள்ளினால் இழுத்தும், இழுத்தால் தொடர்ந்து சென்றும் அவன் வலுவையே அவனுக்கு எதிராக்குவர். தடித்த மேற்சட்டையின் கழுத்துப்பட்டியும் கையும் இதற்குப் பிடியாக உதவுவன. மேனாட்டு மல்லரோ வெற்றுடம்பினர், பாரமிக்கவர். ஒருமுறை எறியப்பட்டதும் தோல்வியை ஒப்புபவருமல்லர். ஆதலால் எதிராளியும் சட்டை அணிதல் வேண்டுமென மயேதா இயன்றபோதெல்லாம் நிபந்தனை விதித்தார். எறிந்தபின் நிலத்திலே தொடர்ந்து பற்றி, கழுத்தை நெரித்தோ முழங்கை மூட்டை மடக்கியோ எதிரி தானே தோல்வியை ஒப்புக்கொள்ளச் செய்தார். பருமன் குறைந்தவனுக்கு நிலமே துணை.

1907 இல் இங்கிலாந்தை அடைந்தார். மறுவருடம் இலண்டன் அல்ஹம்பிரா அரங்கில், சட்டையின்றி, மேனாட்டு மல் விதிகளின்படி நடந்த போட்டியிலும் இறங்கினார். அங்கே தோல்வியும் கண்டார். ஆயிரக்கணக்கான போட்டிகளில் அவர் தோற்றதே இல்லையென எழுதுவோர் அவருக்குப் புகழ் சேர்ப்பதாக நினைக்கின்றனர் போலும். ஸ்பெயினில் 'கொண்டே கோமா', அதாவது கோமாப் பிரபு, என்னும் பெயரைச் சூடிக்கொண்டார். 'கோமா' இடர்ப்படுதலைக் குறிக்கும் யப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. கையில் பணமில்லாத பிரபு! கியூபா, மெக்சிக்கோ முதலிய நாடுகளிற் சுற்றி, 1914 இல் பிரேசிலை அடைந்தார்.

அமேசன் ஆற்று முகத்துக்கு அண்மையிலுள்ள பெலேம் நகரில் நிலைகொண்ட பின் ஆசிரியத் தொழில் ஓங்கியது. அந்நகரிற் பிறந்த கார்லோஸ் கிரேசி என்னும் இளைஞன் அக்கலையைக் கற்றான்; மயேதாவிடம் அவன் நேராகப் பயின்ற காலம் எவ்வளவு என்பதில் ஆய்வாளர் வேறுபடுகின்றனர். கார்லோசும் அவன் தம்பியரும் ரியோ டி ஜெனீரோவில் அதனைப் பரப்பினர். மயேதாவின் காலத்தில் வெளிநாடுகளில் ஜூடோவும் ஜுஜுத்சு என்றே வழங்கியமையால், பிரேசிலில் அப்பழைய பெயரே நிலைத்துவிட்டது. 1951 இல் கொடோகன் மரபில் வந்த கிமுரா, ரியோவின் மரக்கானா அரங்கில் கார்லோசின் தம்பி ஹீலியோவை ஒரு கைப்பூட்டினால் வென்றார். தோற்ற மரபினரே அப்பூட்டுக்குக் 'கிமுரா' எனப் பெயரிட்டு இன்றும் வழங்குகின்றனர். ஆசிரியரின் பண்பு மாணவர் வழி இறங்கியதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மயேதா பிரேசிற் குடிமகனாகி, அமேசன் பகுதிக்கு வந்த யப்பானியக் குடியேறிகளுக்கும் துணைநின்றார். 1929 இல் அவர்கள் தொமே அசு என்னுமிடத்தில் குடியேறினர். காய்ச்சலும் பயிரிழப்பும் பலரை வாட்டின. 1933 இற் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட மிளகுக் கொடியே போருக்குப்பின் அவர்களை வாழவைத்தது. அந்த விளைவை மயேதா காணவில்லை.

அவர் பணயத்துக்குப் பொருதினார் என்பதற்காகக் கொடோகன் அவரை மறந்துவிடவில்லை. 1929 இல் ஆறாம் படியும், 1941 நவம்பர் 27 ஆம் நாள் ஏழாம் படியும் அவருக்கு வழங்கிற்று. மறுநாள் பெலேமில் மயேதா காலமானார். ஏழாம் படி பற்றிய செய்தி அவரை எட்டவில்லை.