ஓநாய்க்குத் தடிமன்

மூன்று பன்றிக்குட்டிகளின் வீட்டை ஊதித் தள்ளிய ஓநாய்க்கு அன்றைக்குக் கடும் தடிமனாம். பாட்டியின் பிறந்தநாள் கேக்குக்குச் சீனி போதவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கோப்பை கடன் கேட்கப் போன இடத்தில் தும்மல் வந்துவிட்டது. வீடு சரிந்தது அதனால்தான். 1989இல் ஜோன் சீஸ்கா எழுதி லேன் சிமித் படம் வரைந்த அமெரிக்கச் சிறுவர் நூலில் ஓநாய் தரும் வாக்குமூலம் இது. அப்பாவித்தனமான இந்தப் பேச்சுக்கு நடுவே படத்தில் வரும் பேர்கரைக் கவனித்தால், உள்ளேயிருந்து முயல் காது எட்டிப்பார்க்கிறது.

எழுத்து மறைப்பதைப் படம் போட்டுக்கொடுப்பதில்தான் இந்த வகைச் சித்திரக்கதையின் சிரிப்பு இருக்கிறது. ஆனால் பழைய கதை வாசகருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். ரோல்ட் டாலின் 1982ஆம் ஆண்டு நூலில் சிவப்புத் தொப்பிச் சிறுமி துப்பாக்கியை உருவி ஓநாயைச் சுட்டுவிட்டு, அதன் தோலில் கோட்டு தைத்துப் போட்டுக்கொள்கிறாள். மூலக்கதை தெரியாத பிள்ளைக்கு இது வெறும் கொலை.

மட்டக்களப்புக்கு இந்தக் கதைகளைக் கொண்டுவந்தால் முதல் சிக்கல் ஓநாய்தான். இலங்கையில் ஓநாயே இல்லை, நரி உண்டு. வைக்கோல் வீட்டைக் கிடுகு வேய்ந்த குடிசையாக்கலாம். ஆனால் 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளியைக் கண்டவர்களிடம், கல்வீட்டை மட்டும் காற்று தொடாது என்று சொன்னால் எடுபடாது. மூன்றாவது குட்டியின் ஓட்டுக் கூரையும் பறக்கத்தான் வேண்டும். பன்றிகளும் நரியும் ஒரே பள்ளிக்கூட மண்டபத்தில் ஒதுங்கி, நிவாரண அரிசிக்கு ஒரே வரிசையில் நிற்கும் கட்டத்தை வரைந்தால் மூலக்கதையைவிட அது சுவையாக இருக்கும்.

பழங்கதையைத் திருப்பிச் சொல்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. இங்கே அது காகிதத்தைவிடக் களரியில்தான் அதிகம் நடந்தது. மகிடிக் கூத்தில் மந்திரவாதிகளின் போட்டியே கேலியும் கிண்டலுமாக நகரும். வடமோடி, தென்மோடிக் கூத்துகளை ஆராய்ந்த பேராசிரியர் சி. மௌனகுரு, 1969இல் ‘சங்காரம்’ நாடகத்தில் அசுர வதையைச் சமூகத் தீமைகளின் வதையாக மாற்றினார். சிறுவர்களுக்கு அவர் எழுதிய ‘தப்பி வந்த தாடி ஆடு’, ‘வேடரை உச்சிய வெள்ளைப் புறாக்கள்’ என்னும் தலைப்புகளைக் கேட்டாலே அரைவாசிக் கதை கண்ணுக்குள் வந்துவிடும். வலையோடு பறந்த புறாக்களைப் பஞ்சதந்திரத்திலேயே தெரிந்தவர்களுக்கு இரண்டாவது தலைப்பு பழைய சிநேகிதம்.

கேலிச்சித்திரத்துக்கும் ஈழத்தில் வலுவான முன்னோடி உண்டு. ‘சிரித்திரன்’ இதழ் நடத்திய சுந்தரின் சவாரித் தம்பர் பாத்திரம் ஊர் மனிதர்களை அவர்கள் பேச்சோடேயே காகிதத்தில் நடமாடவிட்டது. தேவதைக் கதைக்கும் அந்தப் பேச்சைக் கொடுத்துப் பார்க்கலாம்.

அதற்கு மட்டக்களப்பு வாவியை மிஞ்சிய இடம் கிடையாது. அன்டர்சனின் 1837ஆம் ஆண்டுக் கடற்கன்னி, கால்கள் கிடைப்பதற்காகக் குரலைச் சூனியக்காரியிடம் இழக்கிறாள். மட்டக்களப்பிலோ வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனை அந்தப் பாட்டுக்காகவே கொண்டாடுகிறார்கள். விபுலாநந்த அடிகளும் அந்த இசையை நீரர மகளிரின் பாடலாகவே எழுதினார். மீன்மகள் குரலை விற்றுவிட்டால் யாருக்கு நட்டம்? இதைச் சித்திரக்கதையாக்கினால், முதல் கட்டத்தில் கல்லடிப் பாலத்தடியில், பௌர்ணமி இரவில், துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் காத்திருக்கிறார் ஓர் உல்லாசப் பயணி. சத்தமே இல்லை. கூலியை முன்பே வாங்கிவிட்ட தோணிக்காரர், அடுத்த கட்டத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தானே மெல்ல முனகத் தொடங்குகிறார்.

முதலையும் குரங்கும் கதைக்கு இன்னும் குறைந்த வேலை போதும். வாவியில் முதலை இருக்கிறது, கரையில் மரமும் இருக்கிறது. “முதுகில ஏறு மனே, அக்கரையில விடுறன்” என்கிறது முதலை. தன் ஈரலைத் தின்னத்தான் முதலை கூட்டிவந்தது என்று நடு வாவியில் தெரிந்ததும் குரங்கு பதறாமல், “ஈரலைக் கழுவிக் கொடியில காயப்போட்டுட்டு வந்துட்டன், மறுகா எடுத்துத் தாறன்” என்கிறது. இதுவரை பழைய கதைதான். கரை தெரியும் கட்டத்தில், அந்தக் கொடியில் உண்மையாகவே ஓர் ஈரல் தொங்குவதாக ஓவியர் வரைந்து வைத்தால், குரங்கு அடுத்து என்ன புளுகும் என்பதை அவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.